நாற்பத்தேழாம் உதிரிபாகம்

ராஜையன் சாருடைய வலது முழங்காலை நான் பதினாறு தடவை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். மடக்கிய நிலையில் எட்டு, நீட்டிய நிலையில் எட்டு. தக்கலை தாலுகா ஆபீசுக்கு எதிரே கடை போட்டிருப்பவன் எதற்கும் ஆச்சரியப்படக் கூடாது என்பது என் கொள்கை. பட்டா வரும், வாரிசுச் சான்று வரும், உயிரோடு இருப்பவரே தன் இறப்புச் சான்றைக் கொண்டுவந்து நகல் கேட்பதும் உண்டு. ஆனால் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் அறுபத்து மூன்று வயதில் வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்டூல் மேல் ஏறி, மிஷின் கண்ணாடியில் முழங்காலை வைத்தபோது என் கொள்கை கொஞ்சம் ஆடிவிட்டது.

"சார், இது எதுக்காக்கும்?" என்றேன்.

"உதிரிபாகத்துக்க நகல் கேட்டிருக்கு மக்கா. தெளிவா வரணும். பழைய தழும்பு ஒண்ணு உண்டு, அது விழுதான்னு பாத்துக்க."

தழும்பு நன்றாகவே விழுந்தது. எப்படி இந்த நிலைமைக்கு வந்தார் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

ராஜையன் சாரின் அப்பா கீரிப்பாறைப் பக்கம் ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை ஊருக்குக் கப்பலேறும்போது தன் பந்தயக் காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 1962 மாடல். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. வருஷத்தில் ஆறு மாதம் மழை பெய்கிற ஊருக்குக் கூரையில்லாத காரைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு ஒரு வெள்ளைக்காரனால்தான் முடியும்.

அப்பாவுக்குப் பிறகு வண்டி மகனுக்கு வந்தது. அதோடு இரண்டு பழக்கங்களும் வந்தன. ஒன்று, மாதம் ஒரு தடவை வண்டியின் அடிப்பாகம் முழுக்க மத்தி மீன் எண்ணெய் பூசுவது. தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூசுவார்கள். உப்புக்காற்று கிட்டே வராது. மனிதர்களும் கிட்டே வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் சபைக்கு வந்தால் தெருப்பூனைகளெல்லாம் பின்னாலேயே வந்து ஆராதனையில் கலந்துகொள்ளும். போதகர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகு வண்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் நிறுத்த ஆரம்பித்தார்.

இரண்டாவது பழக்கம் முழங்கால். சாவி போடும் இடத்துக்குப் பின்னால் ஒரு வயர் லூசு. டாஷ்போர்டை அடியிலிருந்து வலது முழங்காலால் ஒரு அழுத்து அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். அப்பாவும் அப்படித்தான் அழுத்தினார், மகனும் அப்படித்தான் அழுத்தினார். பத்து நிமிஷ வேலை, யாரும் செய்யவில்லை. நம் ஊரில் ஓடுகிற வண்டியில் யாரும் கை வைப்பதில்லை.

விற்பதற்குக் காரணம் மகள் ஜினி. மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, சாருடைய மனைவி லீலாபாய் அக்கா போடாத ஜெபமில்லை, பார்க்காத டாக்டரில்லை. கடைசியில் ஒருவழியாக வயிற்றில் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை; மகள் வர முடியாவிட்டால் தாய்வீடு மஸ்கட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம். அதுவரை வண்டிக்கு யார் எண்ணெய் பூசுவது? விற்றுவிடுவோம் என்றார் சார்.

வாங்க வந்தவர் திருவனந்தபுரத்தில் ஹோட்டல் நடத்தும் லிபின். பழைய கார்களுக்கு மட்டும் நடக்கும் பந்தயத்தில் ஓட்ட ஆசைப்பட்டவர். வண்டியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார். "அங்கிள், வண்டி கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. பேரவைக்க சான்று மட்டும் வாங்கித் தாருங்க. அது இல்லாம டிராக்கில எறக்க விடமாட்டாவ."

பேரவை என்றால், தென்மண்டலத் தொன்மைப் பந்தய வாகனத் தூய்மைப் பேரவை. அதன் விண்ணப்பம் அறுபத்து நான்கு பக்கம். வேறொருவராக இருந்தால் அங்கேயே ஓடியிருப்பார். ராஜையன் சாரோ இருபத்தொன்பது வருஷம் போஸ்ட் ஆபீசில் இருந்தவர். படிவத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை. முப்பத்தொன்றாம் கேள்வி: 'துருத் தடுப்புக்கு எண்ணெய் பூசப்படுகிறதா?' 'உண்டு. மத்தி எண்ணெய். மாதம் ஒரு தடவை' என்று முத்து முத்தாக எழுதினார். நாற்பதாம் கேள்வி, உதிரிபாகங்களுக்குப் பிரதிகள் உண்டா? 'இல்லை.' கடைசிப் பக்கத்தில், உரிமையாளரின் அடையாள ஆவணம், அசல், இணைக்கவும் என்றிருந்தது. பாஸ்போர்ட்டையே எடுத்து வைத்தார்.

"நகல் போதும் சார்," என்றேன்.

"அசல்னு அச்சுல போட்டிருக்கே மக்கா. அதுக்கு மேல நீயும் நானும் பேசப்படாது."

அன்றைக்கு அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். நான் ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்தேன். இப்போதும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

ஏப்ரலில் ஆய்வாளர் சுயம்புராஜ் வந்தார். சித்திரை வெயிலில் கோட்டு. கையில் சின்னச் சுத்தியலும் பூதக்கண்ணாடியும். தலையில் நீலத் தொப்பி. வண்டிக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் துக்கம்.

"துருவே இல்லை," என்றார்.

"இல்ல சார்," என்றார் ராஜையன் சார் பெருமையாக.

"கடலோர மாவட்டத்தில் அறுபத்து மூன்று ஆண்டுகள் இருந்த வண்டியில் துரு இல்லை என்றால் என்ன அர்த்தம்? துரு என்பது வண்டியின் நோய் என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். துரு என்பது வண்டியின் கல்வி. உங்கள் வண்டி இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் ஒன்றுமே கற்கவில்லை. இது தொன்மையான வண்டி என்று நான் எப்படி நம்புவது?"

அறுபது நாள் கடற்காற்றில் வைத்து, குறைந்தபட்சத் துரு ஏற்றிக் காட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வண்டி தேங்காய்ப்பட்டணத்துக்குப் போனது. அங்கே ததேயுஸ் என்று ஒரு போட் மெக்கானிக். துறைமுகத்தை ஒட்டி அவருக்கு ஒரு கொட்டகை உண்டு. வண்டியின் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது அவர் அழாத குறை. "சாரே, ஒலகத்துல எல்லாவனும் துருவப் போக்கணும்னு எனக்கிட்ட வருவான். நிங்க துரு வேணும்னு வாறிய. கர்த்தர் எங்கள மன்னிக்கணும்."

அறுபது நாளில் கடல் தன் வேலையைச் செய்தது. ஜூன் மாதம் வண்டி வீட்டு ஷெட்டுக்குத் திரும்பியதும் சுயம்புராஜ் மறுபடியும் வந்தார். நீலத் தொப்பி. காலை பத்து மணிக்கு வண்டியைத் தடவிப் பார்த்து, "அருமை, அருமை. இப்போதுதான் இது வண்டி," என்று சொல்லி மரபுப் பிரிவில் தேர்ச்சி போட்டார். லீலாபாய் அக்கா கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னார்.

மதியம் இரண்டு மணிக்கு அதே சுயம்புராஜ் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வண்டியருகே வந்தார். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். துரு உதிர்ந்தது. "இந்த வண்டியைப் பந்தயத்துக்கு அனுப்புவது கொலைக்குச் சமம்," என்று கத்தினார். "எந்த முட்டாள் இதைத் துருப்பிடிக்க விட்டது?"

"நிங்கதானே சார் காலையில..."

"காலையில் நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. அது மரபுப் பிரிவு. நான் பாதுகாப்புப் பிரிவு."

ஆள் பற்றாக்குறையால் இரண்டு பிரிவும் அவரிடமே இருந்தன. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாதென்று விதி. ஆகவே சிவப்புத் தொப்பி சுயம்புராஜ் நீலத் தொப்பி சுயம்புராஜுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். அதற்கு மூன்று நகல் நான்தான் எடுத்தேன். நீலத் தொப்பி பதினைந்து நாளாகியும் பதில் போடவில்லை. கடிதம் கிடைக்கவில்லை என்று அவரே அவரிடம் சொல்லிவிட்டாராம்.

அன்று இரண்டு தொப்பிகளுக்கும் நடுவே சாப்பாட்டு நேரம் ஒன்று இருந்தது. அரை மணி நேரம் சுயம்புராஜ் வெறுந்தலையோடு உட்கார்ந்து லீலாபாய் அக்காவின் சாளைக் கறியில் சோறு பிசைந்தார். அந்த அரை மணி நேரம் அவர் நம் ஊர்க்காரர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம்தான்.

"அக்கா, கறி அசலாட்டு இருக்கு. இன்னும் ரெண்டு மீன் போடுங்க."

ராஜையன் சார் மெதுவாகக் கேட்டார். "சார், நிங்க இப்பம் எந்தப் பிரிவு?"

"இப்பம் ஒரு பிரிவும் இல்ல அண்ணே. எனக்கும் உங்களப் பாத்தா பாவமாட்டுதான் இருக்கு."

"அப்பம் இப்பமே எனக்க பாஸ்போர்ட்டத் தந்திருங்களேன். பிள்ளைக்கு ஆகஸ்டுல பிரசவம். வண்டி விக்கவே வேண்டாம், நான் போணும்."

சுயம்புராஜ் சோற்றைப் பார்த்தார். "தரலாம் அண்ணே. ஆனா தொப்பி இல்லாம எனக்கு அதிகாரம் இல்லியே."

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதை நானும் படித்தேன். தேர்ச்சி பெற்ற வண்டிகளின் உரிமையாளர்கள் மட்டுமே திரும்பப் பெறலாம்.

"பேசாம பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துப் புதுசு வாங்கிருங்க சார்," என்று கடையில் வைத்து அவரிடம் சொன்னேன்.

அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "தொலையலியே மக்கா. இருக்க எடம் எனக்குத் தெரியுமே. படிவத்துல பொய் எழுதவா? இருவத்தொம்பது வருஷத்துல ஒரு மணியார்டர்ல ஒரு எழுத்து மாத்தினவன் இல்ல நான்."

ஜூலையில் பேரவை சமரசத்துக்கு வந்தது. வண்டியின் இடப்பக்கம் மரபுப் பிரிவுக்கு, வலப்பக்கம் பாதுகாப்புப் பிரிவுக்கு என்று பாகம் பிரித்தார்கள். இடப்பக்கம் துருவோடு இருக்க, வலப்பக்கத்தைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார் ததேயுஸ். ரோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் காயலான் கடைச் சரக்கு, அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மாப்பிள்ளை ஊர்வலம்.

அடுத்தது எஞ்சின். ததேயுஸ் போட் எஞ்சினுக்குச் செய்வது போலவே செய்தார். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்பரேட்டர் வாயில் வைத்து, காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஸ்குரூவைக் கால் திருகு, அரைத் திருகு என்று திருப்பினார். மூன்று நாள் வேலை. கடைசியில் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லிபின் ததேயுஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நீலத் தொப்பி கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "1962இல் இந்த வண்டி இவ்வளவு நன்றாக ஓடியதற்கு ஆதாரம் இருக்கிறதா? எங்கள் கொள்கை 'அன்றுபோல் என்றும்'. அன்று எப்படி இருமியதோ அப்படி இரும வேண்டும்."

அந்தக் காலத்து இருமலைக் கேட்டவர்களில் உயிரோடிருப்பவர் ராஜையன் சார் ஒருவர்தான். ஆகவே அவர் ஷெட்டில் நின்று, "லொக்... லொக்... டர்ர்ர்... லொக்," என்று மூன்று தடவை இருமிக் காட்டினார். அது பதிவு செய்யப்பட்டது. அந்த இருமலுக்கு ஏற்றபடி ததேயுஸ் தன் மூன்று நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் கெடுத்தார். "கெடுக்கதுக்கும் ஒரு படிப்பு வேணும் சாரே," என்று முனகினார்.

லிபினுக்குப் பொறுக்கவில்லை. "சார், உங்க பேரவையில கார் ஓட்டத் தெரிஞ்சவங்க ஆராவது உண்டா?"

"நாற்பது உறுப்பினர்கள். ஒருவருக்கும் தெரியாது," என்றார் சுயம்புராஜ் நிதானமாக. "ஓட்டத் தெரிந்தவர்களைச் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும்."

"இதுவரைக்கும் எத்தன வண்டிக்குச் சான்று குடுத்திருக்கு?"

"ஒன்றுக்குக்கூட இல்லை. எங்கள் சான்றின் மதிப்பே அதுதான்."

அப்புறம்தான் அந்த முழங்கால் விவகாரம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார்கள். ராஜையன் சார் வழக்கம் போல டாஷ்போர்டை முழங்காலால் அழுத்திச் சாவியைத் திருப்பினார். சுயம்புராஜின் பூதக்கண்ணாடி அங்கேயே நின்றுவிட்டது.

"இது என்ன?"

"ஒரு வயர் லூசாக்கும் சார்," என்று ததேயுஸ் குறடை எடுத்தார். "பத்து நிமிஷம் தாருங்க, சரியாக்கிடுதேன்."

"தொடாதே!" என்று நீலத் தொப்பி அலறினார். "எத்தனை ஆண்டுகளாக இந்த முழங்கால் பயன்பாட்டில் இருக்கிறது?"

"எனக்குப் பதினெட்டு வயசுல அப்பா கத்துத் தந்தாரு," என்றார் ராஜையன் சார். அவருக்குத்தான் பொய் வராதே.

"பிறந்த ஆண்டு?"

"அறுவத்திரண்டு."

சுயம்புராஜின் கண்கள் கலங்கின. "வண்டியும் முழங்காலும் ஒரே ஆண்டு. ஒரே கொட்டகை. ஒரே எண்ணெய். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு பொருத்தத்தைப் பார்த்ததில்லை."

பட்டியலில் ஏறியது: 'உதிரிபாகம் 47. வலது முழங்கால், ஒன்று. உடலோடு சேர்ந்தது. பிரிக்க இயலாது.' மூன்று நிபந்தனைகள். முழங்காலுக்கு வைத்தியம் எதுவும் பார்க்கக் கூடாது, தைலம்கூடக் கூடாது. வண்டியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது. அதன் அடையாள ஆவணமான பாஸ்போர்ட், வண்டியின் ஏட்டில் பன்னிரண்டாம் பக்கமாகத் தைத்து அரக்கு முத்திரை வைக்கப்படும்.

அதற்கு நகல் எடுக்கத்தான் சார் என் கடைக்கு வந்து ஸ்டூல் மேல் ஏறினார்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி லீலாபாய் அக்கா மட்டும் புறப்பட்டார். மீன் ஊறுகாய், முறுக்கு, உளுந்தங்களி மாவு, பிள்ளைக்குத் தேய்க்க ஆட்டின தேங்காய் எண்ணெய், எல்லாம் பெட்டியில். திருவனந்தபுரம் விமான நிலையம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதால் சார் வழியனுப்பவும் போகவில்லை. களியக்காவிளை வரை வாடகைக் காரில் கூட வந்து இறங்கிக்கொண்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இஞ்சேருங்க, அந்தச் சவத்து வண்டியக் கொண்டு கடல்ல தள்ளிட்டு எங்கூட வாருங்க," என்றார் அக்கா. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஒம்பது வருஷம் ஒரே பாயில முட்டங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். பிள்ளையப் பாக்க மட்டும் நான் ஒத்தையிலயா போணும்?"

"படிவத்துல ஒப்புப் போட்டுட்டேன் லீலா," என்றார் அவர். கார் மறைந்த பிறகும் வெகுநேரம் ரோட்டோரத்தில் நின்றார். முழங்கால் வலித்தது போலிருக்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி ஏடு வந்தது. ஷெட்டில் ராஜையன் சார், லிபின், நகல் கட்டோடு நான். நீலத் தொப்பியோடு சுயம்புராஜ் வாசித்தார். வண்டி இரண்டு பிரிவிலும் தேர்ச்சி பெற்றுவிட்டது. ஆனால் நாற்பத்தேழாம் பாகம் இல்லாமல் விற்றால் தேர்ச்சி செல்லாது. அரக்கு வைத்த ஏட்டை இனிப் பிரிக்க முடியாது என்பதால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

லிபின் தலையைச் சொறிந்தார். "வண்டிக்கு எனக்கிட்ட ஷெட் உண்டு. அங்கிளுக்கு ஒரு ரூம் பாக்கணும். ரேஸ் நேரத்துல பக்கத்து சீட்டுல அங்கிள் இருக்கணுமோ?"

"ஹெல்மெட்டோடு," என்றார் சுயம்புராஜ்.

அப்போது சாரின் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து வீடியோ. லீலாபாய் அக்காவின் முகம் திரை முழுக்க. "இஞ்சேருங்க, ஆம்பளப் பிள்ளை. ஜினி சுகமாட்டு இருக்கா. பாருங்க, பாருங்க." போர்வையை விலக்கினார். சிவப்பாக ஒரு சின்ன உடம்பு, ஒரு காலை மட்டும் மடக்கி உதைத்துக்கொண்டிருந்தது. "முட்டப் பாருங்க. அப்படியே உங்களுக்க முட்டு."

ராஜையன் சார் அழுதார். சத்தம் போட்டே அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சுயம்புராஜ் எட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்தார். "நாற்பத்தேழுக்குப் பிரதி இருக்கிறதா? விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே."

"அப்பம் இல்ல சார். இண்ணைக்குக் காலையிலதான்..."

"பிரதியை மூலத்தின் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். அளவுப் படிவம் அச்சில் இருக்கிறது, ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை பிரதியின் அளவு மாறக் கூடாது."

"சார், அது பிள்ளை. வளருமே."

"வளர்ந்தால் விலகல் என்று எழுதுவோம்."

ராஜையன் சார் போனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியதை நான் கண்டேன். "அது பிரதி இல்ல சார்," என்றார். "ஒரிஜினலாக்கும்."

சுயம்புராஜ் யோசித்தார். பைக்குள் கைவிட்டு ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து வைத்தார். அதே அறுபத்து நான்கு பக்கம். "ஒரிஜினல் என்றால் தனி விண்ணப்பம். நீங்கள் பூர்த்தி செய்யுங்கள், நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்." தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். லிபினும் கூடப் போய்விட்டார்.

சார் பேனாவை எடுத்தார். போனை வண்டியின் பானெட் மேல் சாய்த்து வைத்திருந்தார். அங்கே லீலாபாய் அக்கா கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயை எடுத்துப் பிள்ளையின் காலில் தேய்த்து நீவிக்கொண்டிருந்தார். சார் பக்கங்களைப் புரட்டி முப்பத்தொன்றாம் கேள்வியில் நின்றார். எண்ணெய் பூசப்படுகிறதா?

திரையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பேனா முனை வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு, முத்து முத்தான அதே கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதினார்.

எழுதியதை அவரே இரண்டு தடவை வாசித்தார். வானம் இடிந்து விழவில்லை. பானெட்டில் பிள்ளை கொட்டாவி விட்டது.

"மக்கா," என்றார் தணிந்த குரலில், "பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுக்கதுக்கு உள்ள படிவம், உனக்க கடையில இருக்கா?"